அவர் காதுக்கு மட்டும்

“சத்தம் பத்தல சந்தியா. காதுல இன்னும் கொஞ்சம் ஏத்து.”

“போதும் மாமா. காது பூடும்.”

“பூட்டா இன்னா? அதான் நீ கீறியே, எனக்கும் சேத்துக் கேட்டுக்கோ.”

புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நானும் என் கணவர் பவன்குமாரும் பேசிக்கொண்டது இது. அப்போது குழுவில் ஆறு பேர்தான். நகரி விசைத்தறியின் சத்தத்தைப் பதிவு செய்து அதையே தாளமாக ஓடவிட்டு, பம்பையும் உடுக்கையும் சேர்த்து, தமிழும் தெலுங்குமாக அவர் பாடினார். பக்கத்தில் தறி ஓடுகிறதா என்று விருந்தாளிகள் வெளியே எட்டிப் பார்த்தார்கள். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் உட்கார ஆள் இல்லை. நான் உட்கார்ந்தேன்.

பிறகு குழு வளர்ந்தது. சித்தூரில் பாடியபோது பத்துப் பேர், பெங்களூரில் கூப்பிட்டபோது இருபத்திரண்டு. திருப்பதியில் அலிபிரி பக்கம் பெரிய வீடாகப் பார்த்துக் குடிவந்தோம். ஒத்திகை அங்கே, சாப்பாடு அங்கே, பலருக்குத் தூக்கமும் அங்கேதான். எல்லோரும் நல்லவர்கள். குளியலறை வரிசையில் எனக்கு வழிவிடுவார்கள்.

கீபோர்டு வாசிக்கும் சுனில் ஒருநாள் கேட்டான்: “எப்பக்கா அண்ணங்கிட்ட தனியா பேசுவ?”

“மைக் டெஸ்ட் பண்ணச்சொல்ல,” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தறியும் பம்பையும் முழங்கும் மேடையில் பாடுகிறவருக்குத் தன் குரல் கேட்காது. அதனால் புத்தூர் நாளிலிருந்தே காதுக்குள் ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொள்வார். அதில் எவ்வளவு சத்தம் போக வேண்டும் என்பது என் கையில். அவர் கட்டைவிரலை மேலே காட்டினால் ஏற்றுவேன், கீழே காட்டினால் குறைப்பேன். எங்கள் குடும்பத்தில் ஒழுங்காக நடந்த பேச்சு அது ஒன்றுதான்.

அவர் மேலேயே காட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் காதுக்குள் விசில் அடிப்பதுபோல இருக்கிறது என்றார். திருப்பதியில் டாக்டரிடம் போனோம். கொஞ்சகாலம் மேடையே கூடாது, இல்லாவிட்டால் கேட்காமலே போய்விடும் என்று டாக்டர் சொன்னபோது அறையில் நான் மட்டும் இருந்தேன். பவன் வெளியே போனில் சென்னை நிகழ்ச்சிக்குத் தேதி கொடுத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சொன்னாரு?”

“அசதியாம் மாமா.”

அளவுக்கு மேல் சத்தம் போகாமல் தடுக்க மிக்சரில் லிமிட்டர் என்று ஒன்று இருக்கும். சென்னையில் அவர் காதுக்கு மட்டும் அதை எடுத்துவிட்டேன். கோபம் எதுவும் இல்லை. காது மந்தமானால் குழு கலையும், வீடு காலியாகும், அவர் என் பக்கத்தில் உட்காருவார். களைத்துப்போன ஒருத்தி வேறு எப்படி யோசிப்பாள்? அன்றைக்கு நடுவில் அவர் கட்டைவிரலைக் கீழே காட்டினார். மறுபடியும் காட்டினார். நான் பார்த்தேன். சத்தத்தை ஏற்றினேன்.

இப்போது வீட்டில் நாங்கள் இருவர்தான். சுனில் கடைசியாகப் போனான், வாசலில் நின்று அழுதுவிட்டு. நான் இல்லாவிட்டால் தன் கதி என்ன என்று வருகிறவர்களிடமெல்லாம் பவன் சொல்கிறார். அதைக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் ஒன்று கேட்க நினைத்திருந்தேன். எப்போதும் யாராவது கூட இருந்தார்கள். இன்று சாயங்காலம் காபியைக் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் உதட்டையே பார்த்தார்.

“எனக்கு மட்டும் ஒரு பாட்டு பாடு மாமா,” என்றேன்.

அவர் கட்டைவிரலை மேலே காட்டினார்.