புதுக் குருதிக்குழாய்களின் தடம் பிடித்த மருத்துவர் மஞ்சுளா அம்மையாருக்கு

நுண்ணோக்கி வழியே நோயின் நெஞ்சறிந்த நுண்மதியே! மல்லசமுத்திரத்து மண் ஈன்று சேலத்துக்கு ஈந்த செல்வமே! சாயம் சரிவர ஏறாத திசுச் சீவலைச் சற்றும் தயங்காது திருப்பி அனுப்பி எங்களைத் திருத்திய திண்மையே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் நோய்க்குறியியல் துறையின் தலைவியே! அன்பும் வணக்கமும் ஏற்றருள்க!

தங்கள் முகம் பார்த்துத் தங்களைப் புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பதை அறிவோம். ஆகவே இம்மடலின் நடுப்பகுதியை அவையோரைப் பார்த்துப் படிக்கிறோம், பொறுத்தருள வேண்டும்.

அவையோரே! மஞ்சுளா அம்மையார் நெடுங்காலம் நோயாளிகளின் முகம் பாராத மருத்துவர். அவரிடம் வந்தவை மெழுகில் பதித்த திசுத் துணுக்குகளே. கருப்பைவாயில் தொடங்கும் கெடுதல், புற்றாக முற்றும் வழியில் தனக்கு இரை கொண்டுவரப் புதுக் குருதிக்குழாய்களை எப்படி வரவழைத்துக்கொள்கிறது என்பதே அவர் ஆராய்ந்த பொருள். அக்குழாய்களை வளரத் தூண்டும் புரதம் உள்ள இடத்தில் சாயம் பழுப்பாக ஏறும். நோய் முற்ற முற்றப் பழுப்பும் அடர்வதை அவர் பொறுமையாகக் கண்டு எழுதினார்.

சில ஆண்டுகளுக்கு முன், இராசிபுரத்துப் பட்டு நெசவாளி செல்லியம்மாளின் திசு அந்த ஆய்வுக்கு வந்தது. புற்றுக்கு முந்தைய மாற்றம் என்று அறிக்கை போயிருந்தது. சிகிச்சைக்கு அழைத்தும் அவர் வரவில்லை. ஆய்வுச் சாயத்தில் ஓர் ஓரம் மட்டும் கரும்பழுப்பாய்த் தெரிந்தது. அதன் அடியில் மெல்லிய குழாய்கள் மொய்த்துக் கிடந்தன. அம்மையாருக்கு மனம் ஒப்பவில்லை. அதே மெழுகுக் கட்டையை இன்னும் ஆழமாகச் சீவச் சொன்னார். ஆழத்தில், எல்லை தாண்டிய உயிரணுக்கள் இருந்தன. புற்று தொடங்கிவிட்டிருந்தது.

செல்லியம்மாளின் கைபேசி அணைந்திருந்தது. வேறு யாரையாவது அனுப்பலாம் என்றோம். அம்மையார் கைப்பையை எடுத்துக்கொண்டு, இராசிபுரம் வழியே போகும் நாமக்கல் பேருந்தில் ஏறிவிட்டார். உடன் போன செவிலியர் சௌமியா, அந்த வீட்டு வாசலில் அம்மையார் என்ன பேசுவதென்று தெரியாமல் தடுமாறி நின்றதாகச் சொன்னார்.

செல்லியம்மாள் தறியை விட்டு எழவில்லை. "நோவே இல்லீங்களே, எதுக்குங்க அறுக்கோணும்?" என்றார். முகூர்த்தச் சேலை பாதியில் நின்றது. கணவர் காளியப்பனும் இந்த மாசம் போகட்டும் என்றார்.

அம்மையார் தறிக்குழி ஓரத்தில், தரையிலேயே உட்கார்ந்தார்.

"அது இன்னும் சின்னதுதானுங்க. ஆனா ரத்தக்கொழாயெல்லாம் தன் பக்கமா வளரட்டும்னு கூப்புட்டுக்கிட்டே இருக்குது. தின்னு தெம்பானதுக்கு அப்பறந்தான் நோவு காட்டும். அப்ப நான் வந்து சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"என்ற கண்ணால பாத்தேன், சாமி."

செல்லியம்மாள் ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார். மீதிச் சேலையை நாத்தனார் மாரியாயி ஏற்றுக்கொண்டார். அன்று மாலையே செல்லியம்மாள் அம்மையாரோடு சேலத்துக்கு வந்து சேர்ந்தார். அறுவையில் நோய் முழுதும் நீங்கியது. இன்று தறியில் இருக்கிறார்.

எல்லாரையும் அப்படி மீட்க முடியவில்லை. எருமப்பட்டிச் சின்னாயி முற்றிய நிலையில்தான் வந்தார். அந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்து அவருக்குச் சில மாதங்களைக் கொடுத்தது, அதற்குமேல் இயலவில்லை. அவர் மறைந்த பிறகு, அம்மையார் பரிசோதனை முகாம் வண்டியில் வாராவாரம் ஊரூராகப் போகத் தொடங்கினார். நுண்ணோக்கியை விட்டு நிமிராதவர், சந்தைக்கு வந்த பெண்களை நிறுத்திப் பேசக் கற்றுக்கொண்டார்.

அம்மையீர்! இனித் தங்கள் பக்கம் திரும்புகிறோம். தங்களுக்குச் சாய்வு நாற்காலி ஒன்று பரிசளிக்க எண்ணியிருந்தோம். ஓய்வில் என்ன செய்வதாக உத்தேசம் என்று நேற்று கேட்டபோது, "திங்கக்கெழம எருமப்பட்டிக்கு வண்டி போகுதில்லீங்க? எனக்கு ஒரு எடம் உட்டு வெய்யுங்க" என்றீர்கள். நாற்காலியைக் கைவிட்டோம்.

கண்ணொளி குன்றாமல், கால்வலி அணுகாமல், சுற்றம் சூழப் பல்லாண்டு நலமாய் வாழ்க என மனமார வாழ்த்துகிறோம். ஓட்டுநருக்கு அடுத்த இருக்கை தங்களுடையது. திங்கள் காலை வண்டி தங்கள் வாசலுக்கே வரும்.

தங்கள் கண்டிப்பில் வளர்ந்த,
நோய்க்குறியியல் துறை மருத்துவர்கள், ஆய்வக நுட்பர்கள், செவிலியர்கள், முகாம் வண்டி ஊழியர்கள்
சேலம்