நீல வண்டிக்கு மொதல்ல எது?

ஜெஸ்வின்: ...அதான் கேக்குறேன் மச்சான். மொதல்ல எதுல கை வைக்கட்டும்?

டேவிட்: ஓசூர்ல இவ்வளவு பெரிய கம்பெனியில இருக்க. அங்க கேக்க ஆளா இல்ல? நான் கெமிஸ்ட்ரி வாத்தியாரு. என்கிட்ட வந்து...

ஜெஸ்வின்: வண்டின்னா இந்த ஆவூருக்கே நீங்கதான.

ஷெரின்: ஏங்க, என் தம்பி ஒங்ககிட்ட காட்டணும்னே அங்கேர்ந்து ஓட்டிட்டு வந்துருக்கான். நீங்க என்னடான்னா நாற்காலிய அங்கிட்டுத் திருப்பிப் போட்டு ஒக்காந்துருக்கீங்க.

டேவிட்: வெயிலு மூஞ்சில அடிக்கிது.

ஷெரின்: வெயிலு போயி எம்புட்டு நேரமாச்சு.

டேவிட்: காப்பி போடுறேன்னியே...

ஷெரின்: பேச்ச மாத்தாதீங்க.

ஜெஸ்வின்: ஒரு எட்டு வந்து பாருங்க மச்சான்.

டேவிட்: பாக்காத வண்டியா? அதெல்லாம் நெறையப் பாத்தாச்சு.

ஷெரின்: அது சரிதான். ரெண்டு வருசமா இவரு போனத் தொறந்தா இந்தக் காரு படந்தான் தம்பி. என் படமும் எங்க பாப்பா படமும் அதுக்கு அடியிலதான். இதே டர்போ, இதே நீலம். நடுவுல வீடு கட்ட ஆரம்பிச்சதுல...

டேவிட்: இப்ப ஒன்னய யாரு கேட்டா?

ஜெஸ்வின்: நீலத்துல எடுத்தது ஒங்களுக்கு...

டேவிட்: எனக்கென்ன. வெள்ளையில எடுத்துருக்கலாம். நம்ம செம்மண்ணுக்கு நீலமெல்லாம் தாங்காது.

ஷெரின்: செம்மண்ணுக்கு வெள்ளைதான் தாங்காது.

ஜெஸ்வின்: காலையில மாதா கோயில்ல வண்டிக்குத் தண்ணி தெளிச்சு மந்திரிக்கிறப்பக்கூட நீங்க வரல. சாமியாரே கேட்டாரு, டேவிட் சார் எங்கன்னு. நான்தான் ஒடம்பு சரியில்லன்னேன்.

டேவிட்: பேப்பர் திருத்துற வேலை இருந்துச்சு.

ஷெரின்: பள்ளிக்கூட லீவுல என்ன பேப்பரு?

ஜெஸ்வின்: விடுக்கா. மச்சான், நீங்க சொல்லுங்க. பவரா, டயரா, பிரேக்கா?

டேவிட்: ...பவருதான்.

ஜெஸ்வின்: மொதல்லயேவா?

டேவிட்: பின்ன? லேப்டாப்ப மாட்டி இன்ஜின் கம்ப்யூட்டர்ல கணக்க மாத்திவிடுவான். ரீமேப்புன்னு கேளு. அப்புறம் கால வச்சாப் போதும், பிச்சுக்கிட்டுப் போகும்.

ஜெஸ்வின்: டயரு?

டேவிட்: கம்பெனி டயரே போதும்.

ஜெஸ்வின்: பிரேக்கு?

டேவிட்: புது வண்டிதான, அதெல்லாம் புடிக்கும்.

ஜெஸ்வின்: வளைவுல கொஞ்சம் சாயுற மாதிரி...

டேவிட்: ஸ்பிரிங்க நல்லா எறக்கிரு. தரையோட தரையா நிக்கணும். பாக்கவும் ஜோரா இருக்கும்.

ஷெரின்: கோயிலுக்கு முன்னாடி இருக்குற ஸ்பீடு பிரேக்கர்ல நம்ம பழைய வண்டியே வயித்தத் தேச்சுக்கிட்டுத்தான் ஏறுது. இதையும் எறக்கிட்டா?

டேவிட்: கேக்குறது அவன், சொல்றது நான். நீ செத்த சும்மா இரு.

ஜெஸ்வின்: மச்சான் சொன்னா சரிதான்க்கா. நாளைக்குக் காலையில திருச்சியில பவர ஏத்திர்றேன், தெரிஞ்ச ஆளு இருக்கான். ஏத்திட்டு வந்த கையோட வேளாங்கண்ணி. நீயும் பாப்பாவும் ரெடியா இருங்க.

டேவிட்: யாரு?

ஷெரின்: நானும் பாப்பாவுந்தான். ஒங்களுக்குத்தான் பேப்பர் திருத்துற வேலை இருக்கே.

டேவிட்: பாப்பா எதுக்கு?

ஷெரின்: மாமா வண்டியில போகணும்னு நேத்துலேர்ந்து ஒரே பாட்டு. நீங்க காதுல வாங்கினாத்தான.

ஜெஸ்வின்: தஞ்சாவூர் பைபாஸ்ல ஒரு மிதி மிதிச்சுப் பாத்துரலாம்க்கா. பாப்பா கைதட்டும் பாரு.

டேவிட்: ...மழை வர்ற மாதிரி இருக்கு.

ஜெஸ்வின்: வந்தா வரட்டும் மச்சான். கம்பெனி டயரே போதும்னீங்கள்ல.

டேவிட்: பவரு வேணாம்.

ஜெஸ்வின்: என்ன மச்சான்?

டேவிட்: வேணாங்குறேன்ல. இதுல முன் சக்கரந்தான் வண்டிய இழுக்குது. பவர மட்டும் ஏத்துனா சக்கரம் வெறுமனே சுத்தும். ஈரத்துல நீ ஸ்டியரிங்க ஒடிப்ப, வண்டி ஒன் பேச்சக் கேக்காம நேராப் போகும்.

ஜெஸ்வின்: இப்பத்தான ஏத்தச் சொன்னீங்க?

டேவிட்: சொன்னேன். இப்பச் சொல்றதக் கேளு. மொதல்ல டயரு. நல்லா ரோட்டப் புடிக்கிற டயரு. அடுத்து பிரேக் பேடு, பிரேக் ஆயிலு. ஓடுறது என்னடா பெருசு, எந்த வண்டியும் ஓடும். நெனச்ச எடத்துல நிக்கணும். ஸ்பிரிங்கு அதுக்கப்புறம், அதுவும் ஒரு வெரக்கடை எறக்குனாப் போதும். பவரு கடைசி. எல்லாத்துக்கும் கடைசி.

ஜெஸ்வின்: அப்ப மொதல்ல சொன்னது?

ஷெரின்: சொல்லுங்க.

டேவிட்: வயிறு எரியுதுடா. போதுமா? நேத்துச் சாயங்காலம் தெருமுக்குல ஒன் வண்டிச் சத்தம் கேட்டதுலேர்ந்து எரியுது. நான் மனசுக்குள்ளயே ஓட்டிக்கிட்டு இருந்த வண்டிய நீ கொண்டாந்து என் வாசல்லயே நிறுத்துற. அந்த ஸ்பீடு பிரேக்கர்ல ஒரு தடவ உரசட்டும், ஊரு சிரிக்கட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான். அதுல பாப்பா ஒக்காருவான்னு நான் நெனச்சனா...

ஜெஸ்வின்: நான் ஒக்காந்தாப் பரவால்லயா மச்சான்?

டேவிட்: அப்படிக் கேக்காதடா.

ஷெரின்: கேக்கத்தான் செய்வான்.

டேவிட்: தப்புதான். நாளைக்குப் புதுக்கோட்டைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். நம்ம மெக்கானிக் அடைக்கலம் இருக்கான்ல, அவன்கிட்ட டயர மாத்திட்டுத்தான் வேளாங்கண்ணி. மாத்தாம வண்டி இந்த வாசலத் தாண்டாது.

ஜெஸ்வின்: வேளாங்கண்ணியே கெடையாது மச்சான். நாளைக்கு எனக்கு ஆபீஸ் இருக்கு, விடியக்கால கெளம்பணும்.

டேவிட்: என்னது?

ஜெஸ்வின்: அக்காதான் சொல்லிக் குடுத்துச்சு. கேட்டா எப்புடியும் ஏறுக்குமாறாத்தான் சொல்லுவாரு, நானும் பாப்பாவும் வாரோம்னு ஒரு வார்த்தை போடு, நெசம் தன்னால வரும்னுச்சு.

டேவிட்: ஷெரினு...

ஷெரின்: நேத்து ராத்திரி நீங்க சாப்பிடாமப் படுத்தீங்கள்ல, அப்பவே எனக்குத் தெரியும்.

டேவிட்: சரி... அது இருக்கட்டும். டயர மாத்தாம எப்புடிடா ஓசூர் வரைக்கும்...

ஜெஸ்வின்: இங்க வாரதுக்கு முன்னாடியே புதுக்கோட்டைக்குப் போயி மாத்தியாச்சு மச்சான். டயரு, பேடு, ஆயிலு எல்லாம் அடைக்கலண்ணன்தான் போட்டாரு. நான் ஒண்ணுமே சொல்லல. "இந்த வண்டி வந்தா எதுக்கு அப்புறம் எதுன்னு டேவிட் சார் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் தம்பி"ன்னாரு.

டேவிட்: மாத்தியாச்சா? நேத்துலேர்ந்து அந்தப் புது டயரோடயா வாசல்ல நிக்கிது?

ஷெரின்: ஆமா. ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்துருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும்.