பாதுஷாவுக்கு ஒரு ‘ர்’

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் டீச்சர். மடியில் பள்ளிக் கண்காட்சிக்கான சார்ட்டை விரித்து வைத்திருந்தார்.

“இதப் பாருங்கக்கா. டில்லியோட கடைசி பாதுஷாவப் பத்திப் பிள்ளைக எழுதுனது. சிம்மாசனத்துல இருந்த வரைக்கும் ‘அவர் ஆண்டார்’. வெள்ளைக்காரன் எறக்கி விட்ட பொறவு, ‘அவன் ரங்கூனில் இறந்தான்’. இன்னைக்கு ஆபீசர் பாக்க வாராக. அதுக்குள்ள திருத்தணும்.”

“பிள்ளைக வேணும்னா எழுதும்? ஊர்ல கேக்கதத்தான் எழுதும்” என்றார் பக்கத்திலிருந்த அம்மா. “எங்க வீட்ல அவிய போலீசுல ஏட்டா இருந்த வரைக்கும் தெருவே ‘ஏட்டையா வாராக’ன்னு எந்திரிச்சு நின்னுச்சு. சஸ்பெண்டு ஆன மறுநாளே டீக்கடையில, ‘அவன் வந்தானா?’ன்னு கேக்காங்க.”

டீச்சர் பேனாவைத் திறந்தார். ‘இறந்தான்’ என்பதன் கடைசி எழுத்தை ‘ர்’ ஆக்கப் பார்த்தார். வன்னியம்பட்டி பக்கம் பஸ் குலுங்கியது. மை இழுத்துக்கொண்டது.

“அய்யய்யோ... அண்ணன் இப்ப எப்படிக்கா இருக்காக?”

“என்னத்தச் சொல்ல. எனக்குப் பயமா இருக்கு டீச்சர். மூணு நாளா ஒரு வாய் சோறு எறங்கல. கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடக்கான்.”

சொன்னவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்ததும், “கெடக்காக” என்றார்.

டீச்சர் சார்ட்டிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை.