மாமனாரோடு ஒரு டெஸ்ட் டிரைவ்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் ஃபாதர், எங்கள் பழைய கார் நல்ல கார். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நடுரோட்டில் நின்றதில்லை. ஏசி போட்டால் மேட்டில் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அதை நான் வெறுத்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

கதவைச் சாத்திக்கொள்ளலாமா? மாமா வெளியே புது வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் அதை மந்திரிக்கத்தான் வந்தீர்கள், தெரியும். தீர்த்தமும் புத்தகமும் அந்த டீப்பாய் மேல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லப்போவதாக வாசலில் சொன்னீர்களே, அதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி உங்களிடம் சொல்லிவிட வேண்டும். நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறவன். ஒரு போல்ட்டில் மயிரிழை பிசகு இருந்தாலும் எடுத்துத் தனியாகப் போட்டுவிடுவேன். தப்பான தகவல் கோயிலுக்குள் போவது எனக்குப் பிடிக்காது. இதைப் பாவசங்கீர்த்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பித்து வைத்தது கோபி. எனக்குக் கீழே வேலை பார்க்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி செலினும் வெளிவட்டச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் வந்த ஒரு சிவப்புக் கார் அலட்டிக்கொள்ளாமல் எங்களைத் தாண்டியது. ஓட்டியவன் கோபி. பின் கண்ணாடி வழியாக அவன் குழந்தை எனக்கு டாட்டா காட்டியது. குழந்தை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் வண்டி புள்ளியாகி மறைகிற வரைக்கும் அது கையை ஆட்டிக்கொண்டே இருந்தது ஃபாதர். மறுநாள் என்ன வண்டி என்று கேட்டேன். "டர்போ சார்," என்றான்.

நான் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று முடிவெடுக்கிற ஆள் இல்லை. பட்டாபிராமிலிருந்து எஸ்டேட்டுக்குப் போகிற வழி உங்களுக்குத் தெரியாததா? ஆவடி மார்க்கெட்டில் மாடு ஒதுங்க வேண்டும், அப்புறம் ஷேர் ஆட்டோ ஒதுங்க வேண்டும். இரண்டாவது கியரைத் தாண்டுகிற பாக்கியம் பந்த் நடக்கிற நாளில் மட்டும்தான். "இந்த ரோட்ல ஓட்ட உங்களுக்கு எதுக்குங்க டர்போ?" என்று செலின் கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரு மாதம் யோசித்தேன். இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற ஒரு சின்னக் காற்றாடிதான் டர்போ. மிதித்ததும் ஒரு நொடி சும்மா இருக்கும், அப்புறம் முதுகில் கை வைத்துத் தள்ளும். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது, இதுவரை யாரும் என்னை முன்னால் தள்ளியதில்லை. வேண்டும் என்று தோன்றுவதும் ஒரு தேவைதான் என்று முடிவு செய்தேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பழைய வண்டி என் மாமனார் கிறிஸ்துதாஸ் எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்தது. போன வருஷம் அவருக்கு மாரடைப்பு வந்ததே, ஆஸ்பத்திரியில் நீங்கள்கூட வந்து நோயில் பூசுதல் கொடுத்தீர்கள். அன்றைக்கு செலின் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். அப்பா பிழைத்தால், அவர் இருக்கிற வரைக்கும் அவர் கொடுத்த வண்டியை விற்பதில்லை. மாதா கேட்டதைக் கொடுத்துவிட்டார். மாமா எழுந்து உட்கார்ந்து கஞ்சி வேண்டாம், மீன் குழம்பு வேண்டும் என்றார். எல்லோருக்கும் சந்தோஷம். இந்த நேர்ச்சையில் என்னை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்பா இருக்குற வரைக்கும்தானேங்க. அப்புறம் நீங்க ராக்கெட்டே வாங்குங்க, நான் கேக்க மாட்டேன்," என்றாள் செலின். அவள் வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். அந்த 'அப்புறம்' மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

மாமாவிடமே நேரில் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எப்படிக் கேட்பது ஃபாதர்? அவர் ஆசையாகக் கொடுத்த பொருளை, எனக்குப் போதவில்லை, மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்பது மாப்பிள்ளைக்கு அழகா? அவர் மனசு என்ன பாடுபடும்? என்னை எங்கள் வீட்டில் அப்படி வளர்க்கவில்லை.

பூந்தமல்லி பக்கம் ஒரு ஷோரூமுக்குச் சும்மா பார்க்கத்தான் போனேன். லோகேஷ் என்று ஒரு சேல்ஸ் பையன் டீ வாங்கிக் கொடுத்து வண்டியைச் சுற்றிக் காட்டினான். "மிதிச்சீங்கன்னா வயிறு முதுகோட ஒட்டிக்கும் சார். நெஞ்சு வீக்கா இருக்கறவங்கள மட்டும் கூட்டினு வராதீங்க," என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

மாமா எந்தப் பரபரப்புக்கும் ஆளாகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கிரிக்கெட் மேட்ச் கூடாது, சண்டை கூடாது, மாடிப்படி கூடாது. டெஸ்ட் டிரைவ் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. நான் அவர்மேல் கை வைக்கப்போவதில்லை. ஒரு பெரியவரைக் காற்றாட வெளியே அழைத்துப்போகிறேன், வண்டி தன் வேலையைச் செய்கிறது, கர்த்தர் தன் சித்தத்தைச் செய்கிறார். இதில் எனக்கு என்ன பங்கு என்று எவ்வளவோ தேடிப் பார்த்தேன்.

ஒரே ஒரு விஷயம். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை மாமா எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். டெஸ்ட் டிரைவுக்குக் குறித்த ஞாயிறு காலை செலின் அவர் சட்டையை இஸ்திரி போடும்போது அந்த அட்டையை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். திருடவில்லை ஃபாதர். இடம் மாற்றினேன்.

பூசை முடிந்து, லோகேஷ் கொண்டுவந்த டர்போ வண்டியில் கிளம்பினோம். நான் ஓட்டினேன், மாமா பக்கத்து சீட்டில், லோகேஷ் பின்னால். நெமிலிச்சேரி பக்கம் வெளிவட்டச் சாலையில் ஏறினதும் காலியான இடமாகப் பார்த்து ஒரே மிதி மிதித்தேன். லோகேஷ் சொன்னது பொய்யில்லை. சீட்டோடு அப்பிக்கொண்டேன். ஓரக்கண்ணால் பார்த்தேன், மாமா கண்ணை மூடி, கையைக் கோர்த்து, அசையாமல் இருந்தார். வண்டியை ஓரம் கட்டினேன். செலினிடம் எந்த முகத்தோடு சொல்ல வேண்டுமோ அந்த முகத்தைக்கூடத் தயார் செய்துகொண்டேன்.

மாமா கண்ணைத் திறந்தார். "இன்னா மாப்ளே, அவ்ளோதானா? எஞ்சின் இன்னும் தூங்கிகினு கீது. இன்னொரு தபா போலாமா?"

அந்த வாரம் அவருக்கு பிரஷர் குறைந்திருந்தது. டாக்டருக்கு ஒரே ஆச்சரியம். "இவரை எங்கயாவது வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று என்னைப் பாராட்டினார்.

நான் மனம் தளரவில்லை. அடுத்த ஞாயிறு பிரியாணி போட்டு, வயிறு கனமாக இருக்கும்போது கூட்டிக்கொண்டு போனேன். லோகேஷிடம் கேட்டு, வண்டி இன்னும் மூர்க்கமாக ஓடுகிற பட்டனையும் அமுக்கினேன். பாரிவாக்கம் தாண்டுவதற்குள் மாமா குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். பின்னால் லோகேஷ்தான் வாந்தி எடுத்தான். பாவம், நல்ல பையன்.

மூன்றாவது வாரம் மாமாவே ஏழு மணிக்குக் குளித்து, ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மாத்திரை அட்டை அதற்குள் வழக்கம்போல என் பைக்கு இடம் மாறியிருந்தது. வெளிவட்டச் சாலை வந்ததும், "தள்ளுங்க மாப்ளே, நான் ஓட்டுறேன்," என்றார். லோகேஷ் லைசென்ஸ் கேட்டான். மாமா பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினார். கனரக வண்டி லைசென்ஸ்.

இந்த இடத்தில்தான் நான் கோட்டை விட்டேன் ஃபாதர். ஆவடி ராணுவத் தொழிற்சாலைச் சுவருக்கு உள்ளே வேலை பார்த்தவர்களை யாரும் என்ன வேலை என்று கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. மாமாவைக் கேட்டால் "உள்ள வேலை" என்பார். கையில் எப்போதும் கேண்டீன் சாமான் இருக்கும். கேண்டீனில் இருந்தார் போல என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

"டாங்கி ஓட்டிப் பாக்குற வேல மாப்ளே," என்றார் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டே. "நாப்பது டன்னு. பள்ளத்துல எறங்கி மேட்டுல ஏறசொல்லோ வானம் மட்டும்தான் தெரியும். முப்பது வருசம் அதான் நம்ம சோறு."

"சொல்லவே இல்லையே மாமா."

"உள்ள நடக்குறத வெளிய சொல்லக் கூடாதுல்ல? செலினோட அம்மாவே, சாவுற வரைக்கும் நான் இட்லி ஊத்துறேன்னுதான் நெனச்சிகினு இருந்தா."

நான் ஒரு கணக்குப் போட்டேன். பக்கத்தில் உட்காருகிறவரைவிட ஓட்டுகிறவருக்குத்தானே படபடப்பு அதிகம்? சரி என்று தள்ளி உட்கார்ந்தேன்.

மாமா மிதித்தார். என்ன வேகம் என்று சொல்ல மாட்டேன், நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரு இடம் இருந்தது. ஒரு காருக்குப் போதாத இடம். அதில் புகுந்து வெளியே வந்தோம். மாமா ஏதோ ஒரு பழைய மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முதலில் இடது தோளில்தான் வலி வந்தது. அப்புறம் யாரோ என் நெஞ்சின் மேல் அம்மிக்கல்லை வைத்தார்கள்.

வண்டி நின்றது. மாமா தன் சட்டைப்பையைத் தடவினார், ஒன்றும் இல்லை. "அய்யோ, என் மாத்திரய காணோமே," என்று பதறினார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். மூச்சு விடட்டும் என்று என் சட்டைப் பட்டனைக் கழற்றினார். அப்போது என் பையிலிருந்து அட்டை அவர் கையில் விழுந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தார். அப்புறம் ஒன்றைப் பிய்த்து என் நாக்குக்கு அடியில் வைத்து, வண்டியைத் திருப்பி, இதுவரை ஓட்டியதைவிட வேகமாக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அந்த மாத்திரையும் அந்த டர்போவும் இல்லையென்றால் நான் இல்லை என்று டாக்டர் சொன்னார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் ஃபாதர். நான் எடுத்த முடிவுகள் அத்தனையும் சரியாகத்தான் இருந்திருக்கின்றன.

கண் விழித்தபோது மாமா கட்டில் பக்கத்தில் இருந்தார். கையில் அந்த அட்டை. "எம் மாத்திர உங்க பையில எப்டி மாப்ளே வந்துச்சி?" என்று கேட்டார். என் மூக்கிலும் வாயிலும் ஆக்சிஜன் மாட்டியிருந்தது. எனக்குப் பதிலாகச் செலின் பதில் சொன்னாள். "உனக்கு எப்ப என்ன ஆகுமோன்னு எப்பவும் கையோட வச்சிக்கிட்டுத் திரிஞ்சிருக்காருப்பா," என்று சொல்லி அழுதாள். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் கதைதான் ஃபாதர் உங்கள் காதுவரை வந்திருக்கிறது.

மாமா மட்டும் அழவில்லை. "ஆங், அப்டியா," என்றார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

நான் வீடு திரும்புவதற்குள் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இந்தப் புது வண்டியை அவரே எடுத்துவிட்டார், அவர் பெயரில். கொடுத்தவரே மாற்றினால் நேர்ச்சைக்குப் பங்கமில்லை என்று செலினும் ஒத்துக்கொண்டாள். "டர்போ ஆசைன்னு ஒரு வார்த்த என்னாண்ட கேட்டிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேனே மாப்ளே. வாயத் தொறந்து கேக்க இன்னா கஷ்டம் உங்களுக்கு?" என்றார். கேட்டால் கொடுத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை ஃபாதர். அன்று ராத்திரி முழுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளைக்காக மாமனார் இறங்கிவந்துவிட்டாரே என்றுதான்.

செலின் ஆஸ்பத்திரியில் இன்னொரு நேர்ச்சை செய்திருக்கிறாள். நான் பிழைத்தால், நான் இருக்கிற வரைக்கும், என் உயிரைக் காப்பாற்றிய இந்த வண்டியை விற்பதில்லை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மாமாவுக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம். அடுத்த வருஷம் இதைவிடப் பெரிய இன்ஜினோடு ஒன்று வருகிறதாம், தினமும் லோகேஷுக்கு போன் போட்டு அதைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருக்கிறார். வயதானாலும் ஆசை விடுமா?

டாக்டர் இப்போது என்னைத்தான் எந்தப் பரபரப்புக்கும் ஆளாகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதனால் மாமா தினமும் சாயங்காலம் என்னைக் காற்றாட வெளிவட்டச் சாலைக்கு அழைத்துப்போகிறார். அவரேதான் ஓட்டுவார். நேற்று கிளம்பும்போது, என் பை காலியாக இருந்ததால், "மாத்திரை எடுத்துக்கிட்டீங்களா மாமா?" என்று கேட்டேன். "அது ஊட்ல பத்திரமா கீது மாப்ளே," என்று சொல்லி, அவரே குனிந்து எனக்கு சீட் பெல்ட்டை மாட்டிவிட்டார். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். மனுஷன் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார் ஃபாதர், எனக்குத் தெரியும்.

அதோ, ஹாரன் அடிக்கிறார். பாவமன்னிப்பைக் கொஞ்சம் சீக்கிரமாகக் கொடுத்துவிடுங்கள். ரொம்ப நேரம் காக்க வைத்தால் அவருக்குப் படபடப்பாகிவிடும். இதயத்துக்கு நல்லதில்லை.