கேட்காமல் ஊற்றிய காபி

— எழுத மாட்டேன். எத்தனை தடவை சொன்னாலும் எழுத மாட்டேன்.

— ரெண்டே வரிதானடி. "இந்த மாசக் கடைசியோட கடையைக் காலி பண்றேன், சாவியை ஒப்படைக்கிறேன்." அவ்வளவுதான். கீழே நான் கையெழுத்துப் போட்டுடறேன்.

— இதுக்கா என்னைப் படிக்க வச்சே? நம்ம வீட்டுல டிகிரி வாங்கின முதல் ஆளு, அம்மா கடையை மூடுறதுக்குக் கடுதாசி எழுதணுமா?

— கம்பெனி கம்பெனியா நூறு கடுதாசி எழுதினியே, அப்ப வலிக்கலையா கை?

— பேச்சை மாத்தாதேம்மா.

— மாத்தல. நாலு மணிக்குக் கட்டடக்காரர் வர்றாரு. இப்ப மூணேகால். அவர் கையில தாளைக் கொடுத்துட்டா என் வேலை முடிஞ்சுது.

— வரட்டும். காபி குடிச்சிட்டுக் கிளம்பட்டும். அவருக்கு என்ன, முக்கால் கப் நுரைதானே?

— நுரை முக்கால், காபி கால். சர்க்கரை கரண்டியோட தனியா வைக்கணும், அவரே போட்டுக்குவாரு. நான் கடைக்கு வந்ததுலேருந்து அப்படித்தான்.

— பாரு. வாடகை வாங்க வர்றவர் எப்படிக் குடிப்பார்னு கூட மனப்பாடம். இந்தக் கடையை விட்டுட்டு நீ என்னம்மா பண்ணுவே? சுவத்தைப் பாத்து உக்காந்திருப்பியா?

— சுவத்துக்கு என்ன குறைச்சல். அது காபி கேக்காது.

— விளையாடாதே. நேரா கேக்கறேன், நேரா சொல்லு. எதுக்கு மூடறே?

— கண்ணு தெரியலையா உனக்கு? அஞ்சு மேஜையில எத்தனை மேஜையில ஆள் இருக்கு?

— ஒண்ணும் இல்ல.

— மத்தியானம் ரெண்டு பேர். காலையில டெய்லரும் மருந்துக்கடைக்காரரும். அரைக் கரண்டி சர்க்கரை போட்டுக் குடிப்பாரே, நம்ம அரைச்சர்க்கரை, அவர் மூணு நாளா வரல. பேங்க் அம்மா நேத்து கடை வாசல்லயே நடந்து போறா, கையில காகிதக் கப்பு. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சதும் கப்பைப் பைக்குள்ள வச்சுட்டா. சூடா இருந்திருக்கும், பாவம்.

— பாவமா? அவளுக்கு வாசப்படிக்கு வெளியவே கப்பை நீட்டுவியே, பஸ் போயிடும்னு. அவ பாவமா?

— கோவப்படாதே. காலம் மாறுது. புதுசா கண்ணாடிச் சுவர் வச்சுத் திறந்திருக்காங்களே, அந்தக் கண்ணாடிக் கடையில குளிர்ந்த காபியாம், ஐஸ் போட்டு. பாலுக்குப் பதிலா ஓட்ஸ்லேருந்து பாலாம். ஓட்ஸை எங்க கட்டிப்போட்டுக் கறக்கறாங்களோ, என்னவோ போ.

— அதுக்கெல்லாம் போகலம்மா அவங்க. எனக்குத் தெரியும். காலையில நான் அங்க போனேன்.

— எங்க?

— கண்ணாடிக் கடைக்கு. ஒரு மணி நேரம் மூலையில உக்காந்து பாத்தேன். சண்டை போடணும்னா எதிராளியைப் பாக்கணும்ல.

— காபி குடிச்சியா?

— குடிச்சேன். பெரிய பக்கெட்டு மாதிரி கப்பு. நல்லா இல்ல. சுடுதண்ணியில காபிக்கொட்டையைக் காட்டிட்டு எடுத்த மாதிரி இருந்துது. ஆனா யாரைப் பாத்தேன் தெரியுமா அங்க? நம்ம கணக்கு வாத்தியாரை.

— வாத்தியாரா? அவருக்கு உடம்பு சரியில்லன்னுல்ல நினைச்சேன். டெய்லர்கிட்ட விசாரிக்கச் சொன்னேனே.

— உடம்பெல்லாம் நல்லா இருக்கு. என்னைப் பாத்ததும் பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சார். பேப்பரைத் தலைகீழா பிடிச்சிருந்தார்.

— ஐயோ.

— விடுவேனா? எதிர்ல போய் உக்காந்தேன். "சார், பத்தொம்பது வருஷமா எங்கம்மா கையால குடிச்சீங்க, இங்க என்ன பண்றீங்க"ன்னு கேட்டேன். ஏம்மா, உன் வெந்நீர் ஆறிப்போச்சு பாரு, குடி. நான் சொல்லப்போறதைக் கேட்டா தொண்டை காய்ஞ்சிடும்.

— குடிக்கிறேன். சொல்லு.

— அவருக்குப் பால் பிடிக்காதாம்.

— யாருக்கு?

— வாத்தியாருக்கு. பாலும் பிடிக்காது, சர்க்கரையும் பிடிக்காது. அப்பா இருந்த வரைக்கும் வெறும் கருப்புக் காபிதான் குடிச்சிருக்கார்.

— என்னடி உளர்றே? அவருக்குப் பால் நிறைய, சர்க்கரை மூணு கரண்டி. கண்ணை மூடிட்டுப் போடுவேன் நான்.

— கண்ணை மூடிட்டுத்தான் போட்டிருக்கே. அது டெய்லரோட காபி. அப்பா போன மறு வாரம் நீ ஷட்டரைத் தூக்கினே பாரு, அந்த முதல் நாள். டெய்லரோடதை இவர்கிட்ட வச்சுட்டே.

— முதல் நாளா?

— கப்பு தட்டுல கடகடன்னு ஆடுச்சாம். அதைப் பாத்துட்டு அவரால மாத்திக் குடுங்கன்னு சொல்ல முடியல. குடிச்சிட்டார். மறுநாள் நீ அவர் தெருமுனையில திரும்பும்போதே அதே காபியைப் போட்டு வச்சுட்டே.

— ஆமா. அவர் திரும்பறதுக்குள்ள போட்டுடுவேன்.

— அதுக்கப்புறம் பத்தொம்பது வருஷம்! மனுஷன் மருந்து குடிக்கிற மாதிரி குடிச்சிருக்கார்மா.

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! அங்க ஒரு பொண்ணு நிக்கறா, என் வயசுதான். "சார், உங்களுக்கு என்ன வேணும்? பால் எவ்வளவு? சூடு எவ்வளவு?"ன்னு கேக்கறா. பேரைக் கூடக் கேட்டு கப்புல எழுதறா.

— இந்தக் கடையில கேக்கறது வழக்கமில்ல. உங்கப்பா சொல்லுவாரு, தினம் வர்றவரைப் பாத்து என்ன வேணும்னு கேட்டா, உன்னை மறந்துட்டேன்னு அர்த்தம், அவமானம்னு. நான் வந்தப்ப அவரோட மனசுல இருந்த கணக்கெல்லாம் அவரோடயே போயிடுச்சு. ஆளைப் பாத்து, முகத்தைப் பாத்து, நானா ஊகிச்சேன்.

— அந்தப் பழக்கம்தான் நம்மளைக் கவுத்துடுச்சு. காபி இல்லம்மா. உன் காபியை அடிச்சுக்க ஆளில்ல. ருசி கூடப் பாக்க மாட்டே, நிறத்தைப் பாத்தே சரியா, இல்லையான்னு சொல்லிடுவே. எந்தக் கண்ணாடிக் கடைக்காரியால முடியும் அது?

— அது... பழக்கம்.

— அதனால முடிவு பண்ணிட்டேன். வேலைக்குப் போகல.

— என்னது?

— வெளியூர்ல வேலை கொடுத்திருக்கே அந்தக் கம்பெனி, அதுக்கு வரலன்னு மெயில் டைப் பண்ணி வச்சுட்டேன். கடையை நானும் சேர்ந்து பாக்கறேன். வர்றவங்களைக் கேப்போம். கேட்டுக் குடுப்போம். ஒரு பலகையில எழுதிப் போடுவோம்.

— அனுப்பிட்டியா அதை?

— இன்னும் இல்ல. திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும்.

— அனுப்பாதே.

— ஏன்?

— அனுப்பாதேன்னா அனுப்பாதே. நீ போ. நானும் உன்கூட வந்துடறேன். ஒரு அறை போதும் ரெண்டு பேருக்கும்.

— பாத்தியா, இதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது! எனக்காகக் கடையை விடறே. எனக்குச் சோறு பொங்கிப் போட வர்றே. உன் உயிரை இங்க வச்சுட்டு வெறும் உடம்பை எடுத்துட்டு வந்து நான் என்ன பண்றது? சின்ன வயசுல அந்தச் சர்க்கரை மூட்டை மேலதான் தூங்கினேன். எனக்குத் தெரியாதா இந்தக் கடை உனக்கு என்னன்னு?

— உனக்குத் தெரியுமா?

— ஊருக்கே தெரியும். புருஷன் போன மறு வாரம் ஷட்டரைத் தூக்கினவ நீ. இன்னைக்கும் எல்லாரும் சொல்றாங்க.

— சொல்றாங்கதான். அன்னைக்கும் எல்லாரும் சேர்ந்து சொன்னாங்க, "உனக்கென்ன, கடை இருக்கு, மெஷின் இருக்கு"ன்னு. சாவியைக் கையில வச்சு அமுக்கிட்டுப் போனாங்க. தூக்காம என்ன பண்றது... அதோ, வாத்தியார். தெருமுனை திரும்பிட்டாரு.

— நான்தான் வரச் சொன்னேன். ஏய், ஏய், கப்பை எடுக்காதே! மெஷினை நிறுத்து!

— கை தானா போகுதுடி.

— கையைக் கட்டிக்கோ. கேளு. வாயைத் திறந்து கேளு. வாங்க சார், உக்காருங்க.

— வணக்கம் தங்கச்சி. பாப்பா எல்லாத்தையும் கொட்டியிருக்கும்னு நினைக்கிறேன்.

— கொட்டிட்டா, வாத்தியாரே. பத்தொம்பது வருஷமாவா?

— முதலாவது, தப்பு என் பேர்ல. ரெண்டாவது, அது விஷமில்ல, பால்தான். மூணாவது, ஒரு மாசம் கழிச்சு சொல்லலாம்னு இருந்தேன். ஒரு மாசம் கழிச்சு சொன்னா, ஏன் ஒரு மாசம் சொல்லலன்னு வரும். வருஷம் கூடக் கூட, விடை பெருசாயிட்டே போச்சு. ஆக, குடிச்சுட்டேன்.

— சார், கணக்குப் பாடம் வேண்டாம். அம்மா, கேளு.

— எப்படிடி கேக்கறது, வெக்கமா இருக்கு.

— கேளும்மா!

— வாத்தியாரே... உங்களுக்கு என்ன வேணும்?

— எனக்கா? பால் நிறைய. சர்க்கரை மூணு கரண்டி.

— சார்! காலையில என்கிட்ட என்ன சொன்னீங்க? லூசு மாதிரி ஆக்கறீங்களே என்னை!

— காலையில சொன்னதும் நிஜம்தான் பாப்பா. அங்க ஆறு நாள் கருப்புக் காபி குடிச்சேன். பேரைக் கேட்டு கப்புல எழுதினாங்க. ஆறு நாளும் தப்பா எழுதினாங்க, இருந்தாலும் கேட்டாங்களேன்னு சந்தோஷம். ஆனா நாக்கு இந்தப் பக்கம் பழகிப்போச்சு. நேத்து ராத்திரி வீட்டுலயே மூணு கரண்டி போட்டுக் கலக்கறேன், பாத்துக்கோ. இதுவரைக்கும் தங்கச்சி குடுத்தாங்க, குடிச்சேன். இன்னைக்கு நானே கேட்டு வாங்கறேன். ரெண்டும் ஒண்ணில்ல.

— கேட்டியாம்மா? அவ்வளவுதான் விஷயம்! அவ்வளவேதான்! அந்த வெள்ளைத்தாளைக் கிழிச்சுப் போடு.

— முதல்ல அவருக்குக் காபியைப் போடறேன். இந்தாங்க வாத்தியாரே. சரியா இருக்கா?

— இது என்ன புதுசா கேக்கறீங்க? எப்பவும் போல இருக்கு. கொஞ்சம் கசக்குது, ஒரு நாள் கசக்கும், ஒரு நாள் கசக்காது. அதுவும் பழகிப்போச்சு.

— கசக்குதா?

— ஒரு வாய் குடிச்சுப் பாத்தா தெரியுமே உங்களுக்கு.

— என் வெந்நீர் டம்ளர் எங்க வச்சேன்?

— சரி, விடுங்க சார். அதெல்லாம் சரி பண்ணிடலாம். நாளைக்கு அரைச்சர்க்கரை வீட்டுக்கு நானே போறேன். பேங்க் அம்மாவை பஸ் ஸ்டாப்புல பிடிக்கிறேன். "வாங்க, கேட்டுக் குடுப்போம்"னு சொல்றேன்.

— தங்கச்சி, கட்டடக்காரர் முனையில திரும்பறாரு. யாரோடயோ நின்னு பேசறாரு.

— சரியா நாலு மணி. ஏம்மா, சும்மா நிக்கறே? நுரை அடிக்கலையா அவருக்கு?

— நீதானே கையைக் கட்டிக்கச் சொன்னே.

— ஆமால்ல. அதுவும் சரிதான். அவரையும் கேப்போம். இனிமே இந்தக் கதவைத் தாண்டி யார் வந்தாலும், உனக்கு என்ன வேணும்னு வாயைத் திறந்து கேக்கணும். மூஞ்சியைப் பாத்து நாமளே முடிவு பண்ணக் கூடாது.

— யாரையுமா?

— யாரையும்.

— கதவுக்கு உள்ள நிக்கறவங்களை?

— அவங்களையும்தான். ஏன்?

— பத்தொம்பது வருஷமா உள்ளதான் நிக்கறேன். கேளு.

— என்னம்மா இது. சரி, கேக்கறேன். உனக்கு என்ன வேணும்? நானே போட்டுத் தர்றேன். பாலா, கருப்பா, சர்க்கரை எத்தனை?

— எனக்குக் காபி பிடிக்காதுடி. அந்த வாசனையே ஆகாது, என்னைக்குமே ஆனதில்ல. பேனாவை எடு.