கூரைத்துணிக்கு ஒரு கலர்

— ஜன்னலுக்குத் திரையா தைக்கப்போறீங்க மேடம்? இந்த வெல்வெட்டைக் கார் கூரையில ஒட்டினா ஒரே வெயில்ல பொதபொதன்னு தலையில விழும். பின்னாடி ஸ்பாஞ்சு வச்ச துணிதான் நிக்கும்.

— எனக்கென்ன தெரியும் மாஸ்டர்? எடுத்தது இவரு. இவரு எடுத்து எதுதான் நின்னிருக்கு?

— அதில்ல மாஸ்டர், என் சம்சாரம் எப்பவும் இப்படித்தான். எதையாவது ஒட்டி விடுங்க. சாயந்திரமே வண்டி வேணும். காலையில ஆபீஸ் போகணும்.

— என்ன சார், பஞ்சரா ஒட்டுறோம்? கூரை அட்டையைக் கழட்டணும். பழைய ஸ்பாஞ்சு மாவா உதிருது, சுரண்டணும். பசை காயணும். மூணு நாள்.

— மூணு நாள் என்ன, ஒரு வாரம் வச்சுக்கங்க மாஸ்டர். இவரு பஸ்ல போவாரு.

— அதில்லம்மா, பஸ் சரிப்படாது. வண்டி இல்லாம என்னால முடியாது.

— ஏன், பஸ்தான் உங்க ஆபீஸ் வாசல்லயே நிக்குமே?

— அதில்ல...

— சண்டையை வீட்டுல போடுங்க. முதல்ல இது யாரு வேலைன்னு சொல்லுங்க சார். கூரை முழுக்கத் தொங்குது, ஒரே இடத்துல மட்டும் முப்பது குண்டூசி. ஓட்டுறவர் தலைக்கு மேலயும் இல்ல. பக்கத்து சீட்டை முழுசா சாய்ச்சா மூஞ்சிக்கு நேரா வர்ற இடம்.

— துணி மூஞ்சில இடிச்சுது மாஸ்டர், அதான்.

— உக்காந்திருக்கிறவங்களுக்கு எப்படிங்க மூஞ்சில இடிக்கும்?

— அதில்லம்மா, மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு பத்து நிமிஷம் சாயறதுதான். ஊர்ல யாரும் செய்யாததா?

— பத்து நிமிஷத்துக்கு இந்த மெனக்கெடலா? கோடு போட்ட மாதிரி வரிசை தப்பாம குத்தியிருக்கீங்க. அந்த சீட்டு வேற நிமிர மாட்டேங்குது. சரி, எனக்கெதுக்கு அந்தக் கதை? கறுப்பு, சாம்பல், பிஸ்கட் கலர், மூணுதான் இருக்கு. சட்டுனு சொல்லுங்க.

— கறுப்புன்னா அழுக்குத் தெரியாது. இல்ல, நீயே சொல்லும்மா. நீ சொன்னா சரி.

— என்னை ஏன் கேக்கிறீங்க? நேத்து நீங்க மறந்துட்டுப் போன கண்ணாடியைக் குடுக்க உங்க ஆபீஸுக்குப் போனேன். உங்க இடத்துல நாலு மாசமா வேற ஒருத்தர் வேலை பாக்கறாராம். பகல் பூரா மல்லாந்து பாக்கப்போறது நீங்கதானே, கலரையும் நீங்களே சொல்லுங்க.