நாத்தனார் நம்பர்

போடியிலிருந்து மலையேறும் ஜீப்பில், ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களோடு எனக்கும் ஓர் ஓரம் கிடைத்தது. எதிரே இருந்த பச்சைச் சேலைக்காரி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"எந்தக் கடையில போன் நம்பர் கேட்டாலும் எங்க நாத்தனா நம்பரத்தான் குடுப்பேன்."

"அடியே, நம்ம சம்மதம் இல்லாம நம்ம நம்பர யாரும் வச்சுக்கக் கூடாதுன்னு சட்டமே வந்துருச்சாம்ல?"

"நான் எங்க என் நம்பரக் குடுத்தேன்?"

"சரி, அவ சம்மதிச்சாளா?"

"அவளுக்கே தெரியாது. மனை வேணுமா, மனை வேணுமான்னு ஒரே போனா வருதுன்னு பொலம்புறா. பாவமாத்தான் இருக்கு. போன வாரம் சேலை எடுத்தப்பக்கூட, குலுக்கல் சீட்டுல அவ பேரையும் நம்பரையுந்தான் எழுதிப் போட்டேன்."

ரெண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

மூன்றாவது வளைவில் பச்சைச் சேலைக்காரியின் போன் அடித்தது. ஜீப்புச் சத்தத்தில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டாள். நாத்தனாரேதான்.

"மதினி! சேலைக் கடையிலருந்து கூப்ட்டாக. குலுக்கல்ல எனக்குக் கிரைண்டர் விழுந்துருக்காம்! நான் அந்தக் கடைப் பக்கமே போகல மதினி!"

பச்சைச் சேலைக்காரி ஸ்பீக்கரை அணைப்பதற்குள் நாத்தனார் தொடர்ந்தாள்:

"என் போட்டோவக் கடை வாசல்ல வைக்கச் சம்மதமான்னு வேற கேட்டாக. நல்லாப் பெருசா வைங்கன்னு சொல்லிட்டேன்."